ஜூடோ சென்செய் போட்ட கட்டு

ஜப்பானில், கவாசாகியில் வேலையில் இருந்தபோது நடந்தது. வீட்டுக்குப் பக்கத்து விளையாட்டு அரங்கில் வாரம் இரண்டு மாலை ஜூடோ வகுப்பு. சொல்லித்தந்த சென்செய்க்கு எழுபத்தைந்தாவது இருக்கும். பாயின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தே இருப்பார், முதல் மாதம் முழுக்க என்னிடம் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார். ஒருநாள் எதிரில் நின்ற பையனின் காலரில் என் விரல் மாட்டி, அவன் திரும்பிய வேகத்தில் மோதிர விரல் நடுக்கணுவில் பிசகி மேலே ஏறிக்கொண்டது. பார்த்ததுமே எனக்குக் குமட்டிவிட்டது.

சென்செய் எழுந்து வந்தார். அடிபட்ட கையை விட்டுவிட்டு நல்ல கையை வாங்கி, அதே விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். என் கணு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் என்பது அப்புறம் புரிந்தது. பிறகு இந்தக் கை. நுனியைப் பிடித்து நீளவாக்கில் இழுத்துக்கொண்டே கட்டைவிரலால் எலும்பின் அடியைத் தள்ளினார். டொக். அவ்வளவுதான்.

இரண்டு தெரு தள்ளி அவருடைய ஹோனெட்சுகி இருந்தது, எலும்பு சேர்ப்பது என்று அர்த்தம், வைத்தியசாலையையும் அப்படியே சொல்வார்கள். புத்தூர் கட்டு என்றால் நமக்குச் சட்டென்று புரியும். தடித்த அட்டையை வெட்டி, தண்ணீரில் நனைத்து, விரலின் வளைவுக்கு அழுத்தி, மேலே துணி சுற்றினார். மறுநாளே எலும்பு மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இவர் மாதிரி எலும்பு வைத்தியர்கள் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. முறிவு, மூட்டு விலகல் என்றால் அவசரத்துக்குக் கை வைக்கலாம், தொடர்ந்து பார்க்க மருத்துவரின் சம்மதம் வேண்டும். சுளுக்கு, உள்காயம் மாதிரி விஷயத்துக்கு நேராகவே போகலாம், இன்சூரன்ஸும் உண்டு.

அந்த இன்சூரன்ஸ் ஆசையில் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். கணினி முன் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து பிடித்திருந்தது, இதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுங்களேன் என்று கேட்டேன். கழுத்து இறுக்கத்துக்கெல்லாம் அதில் இடமில்லை, தினமும் நட என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

—

நீங்கள் சொல்லும் இந்த வைத்தியர்களின் உரிமத்துக்குப் பெயரே ஜூடோ செய்ஃபுகுஷி. மூன்று வருஷமாவது படித்து அரசுத் தேர்வு எழுத வேண்டும். சாமுராய் காலம் முடிந்ததும், ஜூடோவுக்கு முந்தைய சண்டைக்கலையான ஜுஜுட்சுவின் ஆசான்களுக்குப் பிழைப்பு போய்விட்டது, பலர் எலும்பு கட்டித்தான் சாப்பிட்டார்கள். அதற்கும் புது மருத்துவச் சட்டங்கள் இடைஞ்சலாக வர, போராடி 1920இல்தான் அங்கீகாரம் வாங்கினார்கள்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1877 வாக்கில் டோக்கியோவில் மாணவர். ஜுஜுட்சு கற்றுத்தர ஆள் கிடைக்காமல் எலும்பு வைத்தியர்களின் பலகையைப் பார்த்துப் பார்த்து ஏறி இறங்கினாராம். அப்படி ஒரு வைத்தியர் கைகாட்டித்தான் தெஞ்சின் ஷின்யோ மரபின் ஃபுகுடா ஹச்சினோசுகேயிடம் போய்ச் சேர்ந்தார். இந்த வீச்சு எப்படி என்று கேட்டால் ஃபுகுடா விளக்க மாட்டார், திரும்பத் திரும்பத் தூக்கிப் போடுவார். உடம்பெல்லாம் களிம்பு பூசிக்கொண்டு திரிந்ததால் கானோவுக்குக் களிம்பின் பெயரையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

1882இல் கானோ தன் ஜூடோ பள்ளியான கோடோகனைத் தொடங்கிய எய்ஷோஜி கோயில் உயேனோ பக்கம் இருக்கிறது. போயிருக்கிறேன். ஒரு நினைவுக்கல், வீடுகள், சைக்கிள்கள். அன்றைக்கு இருந்த இடம் வெறும் பன்னிரண்டு பாய் அளவுதான்.

—

உங்கள் இருவர் கதைக்கும் முன்னால் என் ஜூடோ அனுபவம் சின்னது. கழுத்தை நெரிக்கும் பிடியில், தோற்றேன் என்று கையால் தட்டாமல் வீம்பு பிடித்து மயங்கிவிட்டேன். கண் திறந்தபோது உட்கார வைக்கப்பட்டிருந்தேன், முதுகில் ஆசானின் முழங்கால். மயங்கியவரை எழுப்பும் அந்த முறைக்குக் கட்சு என்று பெயர். அவர் எழுப்பினாரா, பிடியை விட்டதும் நானே எழுந்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அப்படி விழுந்தவர்கள் பெரும்பாலும் சில நொடியில் தாமாகவே எழுந்துவிடுகிறார்கள். ஆசானிடம் கேட்டேன், சிரித்தார்.

முதலில் எழுதியவரே, அந்த அட்டை மருத்துவக் கடையில் கிடைப்பதா?

—

இல்லை. கட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், உள்பக்கம் பாதி அழிந்த எழுத்தும் ஒரு கொக்குப் படமும். யாரோ அவருக்குக் கொடுத்த அரிசி பிஸ்கட் பெட்டியின் மூடி.