14 அணிகளுக்கு ஆடிய எட்வின் ஜாக்சன்: இது சாதனையா, சங்கடமா?

கடைசிபெஞ்ச்:
நேற்று நண்பன் ஒருவனோடு இதில் சண்டையே வந்துவிட்டது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் மிக அதிக அணிகளுக்கு ஆடியவர் எட்வின் ஜாக்சன் என்ற பிட்சர், அதாவது பந்து வீசுபவர் (2025-ல் ரிச் ஹில்லும் அதே எண்ணிக்கையைத் தொட்டுவிட்டார்). 2003 முதல் 2019 வரை 17 சீசன், 14 அணிகள். நண்பன் இதைச் சாதனை என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 107 வெற்றி, 133 தோல்வி. ஈ.ஆர்.ஏ. 4.78. அதாவது ஒரு முழு மேட்ச் அளவான ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய ஐந்து ரன் விட்டிருக்கிறார். இருபதாவது பிறந்தநாளன்று டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் மேட்ச் ஆடி, எதிரே ராண்டி ஜான்சன் என்ற பெரிய பிட்சரையே தோற்கடித்த பையன். அப்படிப்பட்ட கையை எந்த அணியும் மூன்று சீசனுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை என்றால் கோளாறு யாரிடம்?

மெரினா_காற்று:
எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஐ.பி.எல்.லில் ஆரோன் ஃபின்ச் ஒன்பது அணிக்கு ஆடினாரே, அது மாதிரியா?

கயல்:
இல்லை. ஐ.பி.எல்.லில் சில வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வரும், பாதிப் பேர் இடம் மாறுவார்கள். பேஸ்பாலில் சீசன் நடுவிலேயே ஒரு போன் வரும், மறுநாள் வேறு ஊர். வீரரிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, பத்து வருஷம் லீக்கில் இருந்து, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவருக்கு உண்டு. அல்லது ஒப்பந்தத்தில் அப்படி எழுதி வாங்கியிருக்க வேண்டும். கூத்தைப் பாருங்கள்: யாரை அதிகம் தூக்கிப் போடுகிறார்களோ அவருக்கு அந்த ஐந்து வருஷம் சேரவே சேராது.

அதனால் கடைசிபெஞ்ச், "வைத்துக்கொள்ளவில்லை" என்று நீங்கள் சொல்வது பாதிதான் சரி. 2009-ல் டெட்ராய்ட் அணியில் 13-9 (13 வெற்றி, 9 தோல்வி), ஈ.ஆர்.ஏ. 3.62, சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் அணியிலும் இடம். அந்த வருஷம் முடிந்ததும் கைமாற்றினார்கள். மோசமாக ஆடியதால் இல்லை, நன்றாக விலை போகும் நேரம் என்பதால்.

சிகாகோ_சித்தப்பா:
தம்பி கடைசிபெஞ்ச் சொல்வதுதான் சரி. கயல், அந்த டிரேடில் ஜாக்சனைக் கொடுத்து டெட்ராய்ட் வாங்கிய ஆட்களில் ஒருவர் மேக்ஸ் ஷெர்சர். அப்புறம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கினாரே, அதே ஷெர்சர். யார் ஏமாந்தது?

நான் சிகாகோ கப்ஸ் அணி ரசிகன். இந்த மனிதருக்கு நாங்கள் நான்கு வருஷத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தோம். 2013-ல் 8 வெற்றி, 18 தோல்வி. அடுத்த வருஷம் 6-15, ஈ.ஆர்.ஏ. 6.33. எங்கள் மைதானமான ரிக்லி ஃபீல்டில் அந்த வருஷம் ஒரு மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு தாத்தா, ஸ்கோர் கார்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தவர், இரண்டாவது இன்னிங்ஸில் பென்சிலைச் சட்டைப்பையில் சொருகிவிட்டுக் கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

2015 நடுவில் கழற்றிவிட்டார்கள். 2016 சம்பளமும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். 108 வருஷம் காத்திருந்து நாங்கள் கோப்பை வென்ற வருஷம், வேறு அணிகளில் பந்து போட்டுக்கொண்டிருந்தவருக்கு எங்கள் பணம்!

கயல்:
அந்த 2009-ல் ஷெர்சர் 9-11 சித்தப்பா. எட்டு வருஷம் கழித்து வந்த பேப்பரை முன்னால் வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

மருது:
தாமதமாக வருகிறேன். தோல்விக் கணக்கை வைத்து பிட்சரை அளப்பது பழைய பழக்கம். 2013 கப்ஸ் மொத்தம் 96 மேட்ச் தோற்ற அணி. அங்கே யார் போய் வென்றிருப்பார்கள்? 18 முறை தோற்க வேண்டுமென்றால் அத்தனை முறை பந்தைக் கையில் கொடுக்க வேண்டும். 2008-லிருந்து 2013 வரை ஆறு சீசன், ஒவ்வொன்றிலும் 175 இன்னிங்ஸுக்கு மேல் போட்டிருக்கிறார். ஐந்து நாளுக்கு ஒருமுறை, முழங்கை வலி தோள் வலி என்று உட்காராமல். அணி நடத்துகிறவர்களுக்கு அதன் விலை தெரியும். நமக்குத்தான் ஈ.ஆர்.ஏ. மட்டும் தெரிகிறது.

நோ-ஹிட்டரை, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்து பேஸைப் பிடிப்பது) கூட விடாத மேட்சை, இன்னும் யாரும் எடுக்கவில்லையே?

கடைசிபெஞ்ச்:
எடுங்கள். எனக்கு அதுவே சாட்சி. 2010 ஜூன் 25, அரிசோனாவுக்காக, தன் பழைய அணியான டேம்பா பே ரேஸுக்கு எதிராக. ஒரு ஹிட் கூட விடவில்லை, சரி. எட்டு பேரை வாக்கில் (நான்கு பந்து தவறிப் போனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) அனுப்பினார்! அதில் ஏழு முதல் மூன்று இன்னிங்ஸிலேயே. 149 பந்து. இது கட்டுப்பாடு இல்லாதவரின் மேட்ச்.

மருது:
நான் அதை முழுதாகப் பார்த்தவன். மூன்றாவது இன்னிங்ஸ்: வாக், வாக், வாக். ஒருவரும் அவுட் இல்லை, மூன்று பேஸிலும் ஆள். ஸ்கோர் 1-0, அதுவும் ஆடம் லரோச் அடித்த ஒற்றை ஹோம் ரன். ஒரு சின்ன சிங்கிள் விழுந்தால் நோ-ஹிட்டரும் இல்லை, மேட்சும் இல்லை. ஒரு ரன் கூட விடாமல் வெளியே வந்தார். அதற்குப் பிறகு இன்னும் ஆறு இன்னிங்ஸ். நூறு பந்து தாண்டியதும் ஆளை மாற்றும் காலம் அது. நடப்பது நோ-ஹிட்டர் என்பதால்தான் மேனேஜர் ஹிஞ்ச் விட்டுவைத்தார்.

கட்டுப்பாடு இல்லாதவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுப்பாடு இல்லாத அன்றும் வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். ஐந்தே வாரத்தில் அரிசோனா அவரை வொயிட் சாக்ஸ் அணிக்குக் கொடுத்தது, அது வேறு விஷயம்.

சிகாகோ_சித்தப்பா:
2011-ல் கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் நான்காவது மேட்சிலும் ஏழு வாக். அன்று வேலை முடியவில்லை. அப்போது அவர் இருந்த செயின்ட் லூயிஸ் அணிக்கு 4-0 தோல்வி.

கயல்:
அந்த சீரிஸுக்கு வந்ததே எப்படி? முதல் சுற்றில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 1-2 என்று பின்தங்கியிருந்தார்கள். நான்காவது மேட்ச் தோற்றால் வீட்டுக்கு. ஜாக்சன் வந்ததும் முதல் மூன்று பேட்டர்கள் டபுள், ட்ரிபிள், சிங்கிள் (அடித்து இரண்டு, மூன்று, ஒரு பேஸ் ஓடுவது). இரண்டு ரன். நான் டிவியை அணைக்கப் போனேன். அதற்குப் பிறகு ஆறு இன்னிங்ஸ் முடியும்வரை ஒரு ரன் கிடையாது. 5-3 வெற்றி. கோப்பை வென்றவர்களுக்குத் தரும் மோதிரம் சும்மா கிடைக்கவில்லை.

இன்னொன்று. செயின்ட் லூயிஸுக்கு அவர் வந்த விதம். 2011 ஜூலை 27 அன்று வொயிட் சாக்ஸ் அவரை டொரோண்டோவுக்குக் கொடுத்தது. டொரோண்டோ அன்றே செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டது. சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. டொரோண்டோவிலிருந்து அவரோடு சேர்ந்து வந்தவர் ஆக்டாவியோ டோடெல். அவருக்கு அது 12-வது அணி! பின்னால் டோடெல் 13 அணி என்று சாதனை வைத்தார். அதை ஜாக்சன் 2019 மே மாதம் முறியடித்தார். எந்த அணியில் தெரியுமா? அதே டொரோண்டோ.

மெரினா_காற்று:
கதை எழுதினால் நம்ப மாட்டார்கள்.

கடைசிபெஞ்ச்:
2019-ஐச் சொன்னீர்கள், எண்ணையும் சொல்லுங்கள். 3-10, ஈ.ஆர்.ஏ. 9.58. ஓக்லாண்ட் அவரை வெறும் பணத்துக்குக் கொடுத்தது. எதிரே ஒரு வீரர்கூட வரவில்லை.

மருது:
அதற்கு முந்தைய வருஷத்தை ஏன் தாண்டுகிறீர்கள்? 2018-ல் கீழ்மட்டமான மைனர் லீக்கில் கிடந்தார். 34 வயது. ஓக்லாண்டில் பிட்சர்கள் வரிசையாகக் காயத்தில் விழ, ஜூன் கடைசியில் இவரைக் கூப்பிட்டார்கள். 17 மேட்ச், 6-3, ஈ.ஆர்.ஏ. 3.33. அந்த அணி 97 மேட்ச் வென்றது. பெஞ்சில் உட்கார்ந்திருக்க வந்தவர் செய்கிற வேலையா இது? 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெள்ளியும் வாங்கிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

கடைசிபெஞ்ச்:
ஓக்லாண்ட் சீசன் எனக்குத் தெரியாது. சரி, "கோளாறு" என்ற வார்த்தையை எடுத்துவிடுகிறேன். ஆனால் சாதனை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். 14 அணி என்பது அவர் செய்தது இல்லை, அவருக்கு நடந்தது.

கயல்:
நடந்ததைத் தாக்குப்பிடித்து 1,960 இன்னிங்ஸ் போட்டது அவர்தானே?

மெரினா_காற்று:
ஒரு சந்தேகம். அங்கே பழைய வீரர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்யும் நாள் உண்டாமே. இவரை எந்த ஊர் கூப்பிடும்?

மருது:
செயின்ட் லூயிஸ். கோப்பை வென்ற அணி.

கயல்:
நான் அரிசோனா என்பேன். முழு சீசன்கூட இல்லை, ஆனால் அந்த 149 பந்து அங்கேதான் சொந்தம்.

சிகாகோ_சித்தப்பா:
எங்கள் ஊரைத் தவிர எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

மருது:
சித்தப்பா, சிகாகோவில் வொயிட் சாக்ஸும் இருக்கிறதே. அங்கேயும் நன்றாகத்தான் ஆடினார். அவர்கள் கூப்பிட்டால்?

சிகாகோ_சித்தப்பா:
அது தெற்குப் பக்கம் தம்பி. அதை யார் எங்கள் ஊர் என்று சொன்னது?