கட்டுநாயக்க – ரொறன்ரோ: பதினொன்றரை மணித்தியாலமா, பதினாறா, முப்பதா?

கோண்டாவிலான்:
அம்மா ஜூலையில் ரொறன்ரோவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறா. தூரம் காட்டும் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தால் கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர், 16 மணித்தியாலம் என்று வருகிறது. ரிக்கற்றிலோ இரவு 10.00க்கு வெளிக்கிட்டு, டுபாயில் மாறி, மறுநாள் காலை 9.30க்கு இறங்குகிறது. பதினொன்றரை மணித்தியாலம்தானே? ஆனால் செப்டெம்பரில் திரும்பும்போது பிற்பகல் 2.25க்கு ஏறினால் அடுத்த நாள் இரவு 8.35க்குத்தான் கட்டுநாயக்க, முப்பது மணித்தியாலம்! எதை நம்புவது? பிரெஷர் குளிசை நேரத்துக்குப் போட வேண்டும், அதுதான் கேட்கிறேன்.

பனங்கிழங்கு:
ரிக்கற்றில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம், தம்பி. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. போகும்போது அதைக் கூட்டுங்கள், 21 மணித்தியாலம். வரும்போது கழியுங்கள், 20 மணி 40 நிமிடம். அந்தத் தளம் பூமி உருண்டைமேல் மிகக் குறுகிய கோட்டை அளந்து, விமான வேகத்தால் பிரித்துத் தந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கிருந்து கனடாவுக்கு நேர்விமானமே இல்லை, பிறகு அந்த 16 யாருக்கு?

ஸ்காபரோ வாசி:
டுபாயால் போவது பெரிய சுற்றும் இல்லை. கட்டுநாயக்க–டுபாய் 3,300, டுபாய்–ரொறன்ரோ 11,100 அளவில். நேர்க்கோட்டைவிட 400 கிலோமீற்றர்தான் கூட, லண்டன் வழியும் கிட்டத்தட்ட அதே கணக்கு. டுபாயிலிருந்து வர 14 மணித்தியாலம் பிடிக்கும், திரும்பும்போது மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று தள்ளிவிடுவதால் ஒரு மணித்தியாலம் போலக் குறையும்.

கோண்டாவிலான்:
இப்போது விளங்குகிறது. அக்கா மறித்து நவம்பர் கடைசி வரை வைத்திருந்தால்?

ஸ்காபரோ வாசி:
வைத்திருப்பா, பாருங்கள்! நவம்பர் முதல் ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள், அப்புறம் வித்தியாசம் பத்தரை. அதைக் கழியுங்கள்.

பனங்கிழங்கு:
குளிசைக்கு ஒரு வழி: அம்மாவின் கைமணிக்கூட்டை ரொறன்ரோ போய்ச் சேரும்வரை யாழ்ப்பாண நேரத்திலேயே விடுங்கள். டுபாயில் விடிய 3.30க்கு இரண்டாவது விமானம் கிளம்பும்போது இங்கே 5 மணி, காலைக் குளிசை சாப்பாட்டோடு போகும். அங்கே இறங்கும் 9.30 எங்களுக்கு இரவு 7 மணி. கனடா நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதைக் கிளினிக்கில் கேட்டு, கொப்பியிலேயே எழுதுவியுங்கள். குளிசை கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம். இன்னொன்று, கட்டுநாயக்கவுக்கு வான் ஓட்டத்தையும் சேருங்கள்: இரவு 7 மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் காலையிலேயே வெளிக்கிட வேண்டும். முன்சீற் கேட்டு வையுங்கள், கால் நீட்டலாம்.