ஒரு கை பிரெயில் விசைப்பலகை: "அன்பு" அடித்தால் "சனபு" வருது

கேள்வி (ஆறுபுள்ளி, சென்னை)
பெர்கின்ஸில் (பிரெயில் தட்டச்சுப் பொறி) பழகிய, இடக்கை மட்டும் இயங்கும் ஒருவருக்காகச் செய்வது. பிரெயில் எழுத்துக்கு ஆறு புள்ளி: இடப்பக்கம் 1-2-3, வலப்பக்கம் 4-5-6. மூன்று விரலுக்கு மூன்று விசை. சும்மா தட்டினால் 1-2-3, கட்டைவிரலை அழுத்திக்கொண்டு தட்டினால் 4-5-6. இரண்டையும் சேர்த்து ஓர் எழுத்து. இப்போதைக்கு ஊனோ போர்டு (ஆர்டுயினோவின் சிறு நிரல் பலகை), அது அனுப்புவதைக் கணினியில் சீரியல் மானிட்டர் சாளரத்தில் பார்க்கிறேன். நிரலில் பிழை எதுவும் தெரியலை.

சுவிட்ச்பெட்டி
நிரல் சரி, முறைதான் கோளாறு. பாரதி பிரெயிலில் (இந்திய மொழிகளுக்கான பிரெயில்) மெய்யின் மேல் வைக்கும் புள்ளிக்கான குறி (4 மட்டும்) மெய்க்கு முன்னால் வரும். அ என்பது வெறும் 1. அடுத்து வரும் 4 அதோடு ஒட்டி 1-4, அதாவது ச ஆயிடுது. க (1-3), ல (1-2-3) எல்லாமே இடப்பக்கம் மட்டும்தான், அதனால் இது ஓயாது. "எழுத்து முடிந்தது" என்று தனி விசை வைக்கலாம், ஆனா தட்டு எண்ணிக்கை ஏறிடும்.

விரலுக்கு இரண்டு விசை கொடுங்க. ஆள்காட்டிக்கு 1-4, நடுவிரலுக்கு 2-5, மோதிரவிரலுக்கு 3-6, ஒன்றின் மேல் ஒன்றாக. நடுக்கோட்டில் அழுத்தினால் இரண்டும் இறங்கும். விரலுக்கு நாலு நிலை, 4×4×4 = 64. வெற்று நிலை போக 63 எழுத்தும் ஒரே தட்டில். பெர்கின்ஸில் 1-2-3 அடித்த அதே விரல்கள், அதனால் பழகுவது சுலபம். கட்டைவிரலுக்கு இடைவெளி, சுண்டுவிரலுக்கு அழிப்பு.

ரிச்சி_பக்கம்
ஊனோவை விடுங்க, ஆர்3 வரைக்கும் உள்ளது நேரடியாக விசைப்பலகையாக நடிக்காது. ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுக் கடைகளில் ப்ரோ மைக்ரோ போர்டு கேளுங்க. சிப்பில் 32யு4 என்று இருக்கணும். 8 சுவிட்ச், ஒரு கால் தனித்தனி பின்னுக்கு, மறுகால் கிரவுண்டுக்கு. சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் (அழுத்தாதபோது பின்னை உயர் நிலையில் வைக்கும் மின்தடை) போதும், வரிசை-நிரலாக இணைக்கும் மேட்ரிக்ஸ், டயோடு வேண்டாம். சுவிட்ச் பொருத்தும் தகடு 1.5 மிமீ, துளை 14 மிமீ சதுரம், மையத்துக்கு மையம் 19.05 மிமீ.

அழுத்த 45 கிராம் விசை கேட்கும் சுவிட்ச் வாங்காதீங்க. இரண்டு சேர்ந்தா 90, மோதிரவிரல் சீக்கிரம் ஓய்ந்துடும். 35 பாருங்க. கேப் (விசையின் மேல்மூடி) தட்டையாக இருக்கட்டும். குழிவானதில் விரல் ஒரு பக்கமா வழுக்கும்.

இரண்டு விசையும் ஒரே கணத்தில் இறங்காது. அதனால் அழுத்தும்போது முடிவெடுக்காம, அழுந்தியதையெல்லாம் சேர்த்து வைத்து, எல்லா விரலும் எழுந்த பிறகு அனுப்புங்க. பவுன்ஸுக்கு (அழுத்தும்போது சுவிட்ச் துள்ளி, தொடர்பு விட்டுவிட்டு வருவது) 5 முதல் 10 மில்லிசெகண்ட் காத்திருங்க. கணினி போர்டையே கண்டுக்கலைன்னா முதலில் கேபிளை மாற்றுங்க, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கும்.

ஆறுபுள்ளி
தமிழ் எழுத்தை போர்டே அனுப்புமா?

சுவிட்ச்பெட்டி
அனுப்பாது. போகிறது விசை எண் மட்டும், யூனிகோடு இல்லை. விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பை வைத்து அதற்கான விசைகளை அனுப்புங்க. 4 வந்தால் நிறுத்தி வைத்து, அடுத்த மெய்யை அனுப்பிய பிறகு f இருக்கும் இடத்து விசையை அனுப்புங்க, தமிழ்99இல் புள்ளி அதுதான். ஒரு பொறி உண்டு: தமிழ்99 ஒரே மெய் இரண்டு வந்தால் தானே புள்ளி போடும், "பப்பாளி" சிதையும். உயிரோ புள்ளியோ சேராத மெய்க்குப் பின்னால் அ விசையையும் அனுப்பிடுங்க.