ரஸ்புடினைப் பாட்டாக்கியது அநீதியா?

ஆவணப்பிரியை:
போனி எம் என்ற நடன இசைக்குழு 1978-இல் வெளியிட்ட ‘ரஸ்புடின்’ பாடல், சைபீரியாவின் பொக்ரோவ்ஸ்கோயே கிராமத்தில் 1869-இல் பிறந்த ரஸ்புடின் என்ற குடியானவரை ரஷ்யப் பேரரசி அலெக்ஸாந்திராவின் காதலராகவே உலகத்தின் மனத்தில் பதித்துவிட்டது. அத்தகைய உறவுக்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடைத்ததில்லை. இரத்தம் உறையாத நோயால் துடித்த மகன் அலெக்ஸியைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பே, நோய் தீர்க்கும் ஆற்றல் உள்ளவராக நம்பப்பட்ட அவரிடம் அந்தத் தாயைக் கொண்டுசேர்த்தது. மறுத்துப் பேச இன்று உயிரோடு இல்லை என்பதற்காக ஒருவரைப் பற்றி எதையும் பாடிவிடலாமா?

தாளவண்டு:
அந்த வதந்தி பாடலில் பிறந்ததன்று. ஜெர்மனியில் பிறந்த பேரரசியை ஜெர்மனியோடு போர் நடந்த காலத்தில் மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1916-இல் அன்றைய ரஷ்யத் தலைநகரான பெத்ரோகிராத் முழுவதுமே இதைப் பேசியது. மக்கள் நம்பிய கதையும் அந்தப் பேரரசின் வீழ்ச்சியில் பங்குகொண்டது என்பதால், அதைப் பாடுவதும் ஒருவகையில் வரலாற்றைப் பாடுவதே. மேலும், இது நடன அரங்குக்கான பாடல். மேடையில் துள்ளி ஆடிய பாபி ஃபாரெல் வாயசைத்தார். இசைத்தட்டில் ஒலித்த ஆண்குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. இதை யார் சாட்சியமாகக் கொள்வார்கள்?

ஆவணப்பிரியை:
பாடலின் இறுதிப் பகுதியைக் கவனியுங்கள், நண்பரே. நஞ்சு கலந்த மதுவைக் குடித்தும் அசராதவரைப் பிறகு சுட்டுக் கொன்றார்கள் என்பது, கொலையாளிகளுள் ஒருவரான ஃபெலிக்ஸ் யூசுபோவ் தம் நினைவுக்குறிப்புகளில் சொன்ன கதை. கொல்லப்பட்டவரைப் பேயாகக் காட்டினால் கொலை வீரச்செயலாகிவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ரஸ்புடினின் மகள் மரியா 1928-இல் பாரிஸில் யூசுபோவ் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தபோது, ரஷ்யாவில் நடந்த அரசியல் கொலை தன் அதிகார வரம்புக்குள் வராது என்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் ரஸ்புடினைப் பற்றி 1932-இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் தம்மை இழிவுபடுத்தியதாக யூசுபோவின் மனைவி இரினா லண்டனில் வழக்காடி, 1934-இல் 25,000 பவுண்டு பெற்றார். கொன்றவரின் குடும்பத்துக்கு மானம் உண்டு, மாண்டவரின் குடும்பத்துக்கு இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

வடதிசையான்:
ஒரு தகவல் மட்டும். 1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோவில் பாடியபோது இந்தப் பாடல் நிகழ்ச்சியில் இடம்பெறவில்லை. சோவியத் அதிகாரிகள் அதை விரும்பவில்லை.

தாளவண்டு:
விலக்கி வைத்ததால் யாருக்கு என்ன நீதி கிடைத்தது? ரஸ்புடின் குடித்ததும், பெண்களோடு சுற்றியதும், 1915-இல் ஜார் (ரஷ்யப் பேரரசர்) படைத்தலைமையேற்று அரண்மனையை விட்டுச் சென்றபின் அமைச்சர் நியமனங்களில் தலையிட்டதும் பொய்யல்லவே. பாடலைக் கேட்டு அவரைத் தேடிப் படித்தவர்களில் நானும் ஒருவன். பாடல் இல்லையேல் நீங்கள் சொல்லும் மரியாவின் பெயரை நான் அறிந்திருக்க மாட்டேன்.

ஆவணப்பிரியை:
உங்களைப் போல் தேடிப் படித்தவர்கள் சிலர்; பாடலோடு நின்றுவிட்டவர்களே மிகப் பலர். அவருடைய குடியை நான் மறைக்கவில்லை, தடையும் கேட்கவில்லை. 1914-இல் சொந்த ஊரில் ஒரு பெண் வயிற்றில் குத்தியதால் தியுமென் மருத்துவமனையில் கிடந்தபடியே, போரில் இறங்க வேண்டாம் என்று ஜாருக்கு அவர் மன்றாடி எழுதினார். இந்தக் கடிதத்தை விடவா ஒரு படுக்கையறை வதந்தி சுவையானது?