'பின்சாய்வு' என்னும் சொல்லுக்கு ஒரு மறுப்பு

அன்புடையீர்,

வானூர்திப் பாடநூலின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டியிருப்பதால், இறக்கை வால்பக்கம் ஒதுங்கியிருக்கும் கோணத்தைக் குறிக்கும் 'ஸ்வீப்' என்பதற்கு நம் மொழிபெயர்ப்புக் குழுவில் இதுவரை வந்த 'சாய்சிறகு', 'அம்புச்சிறகு', 'பின்சாய்வு' ஆகிய மூன்று சொற்களையும் குறித்து என் கருத்தைப் பதிகிறேன்.

இறக்கை உடற்பகுதிக்குச் செங்குத்தாக நில்லாமல் வால்பக்கம் ஒதுங்கியிருக்கும்போது, எதிர்க்காற்றின் வேகத்தில் இறக்கைக்குச் செங்குத்தான கூறே அழுத்தப் பரவலைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கோணம் 35 பாகையானால், மாக் 0.85இல் (மாக் 1 என்பது ஒலியின் வேகம்) பறக்கும்போதும் அக்கூறு ஏறத்தாழ மாக் 0.70தான், ஆகவே அதிர்ச்சியலைகளும் அவற்றால் எழும் இழுவையும் இன்னும் கூடுதலான வேகத்துக்குத் தள்ளிப்போகின்றன. 1935இல் ரோமில் நடந்த வோல்ட்டா மாநாட்டில், ஒலியை விஞ்சும் மீயொலி வேகத்தை மனத்திற்கொண்டு ஜெர்மன் பொறியாளர் அடோல்ஃப் பூசெமான் முன்வைத்த கருத்தின் அடிப்படையும் இதுவே. நமக்கு வேண்டியது கோணத்தின் பெயர், இறக்கையின் பெயரன்று.

'சாய்சிறகு' அங்கேயே பிழைபடுகிறது. மேலும் அது வினைத்தொகை. சாய்ந்த, சாய்கின்ற, சாயும் என முக்காலமும் அதில் கரந்து நிற்பதால், நிலையாகப் பின்னொதுங்கிய மிக்-15 போர்விமானத்தின் இறக்கைக்கும், பறக்கும்போதே 20 முதல் 68 பாகைவரை மாறும் எஃப்-14 போர்விமானத்தின் இறக்கைக்கும் அதுவே பெயராகிவிடும். (இதையே சிறப்பெனக் கொண்டாடுவோரும் இக்குழுவில் உண்டு என்பதை அறிவேன்.)

பேராசிரியர் ஐயாவின் 'அம்புச்சிறகு'க்கு வலுவான துணை உண்டு. ஜெர்மன், ரஷ்யன், பிரெஞ்சு மூன்றிலும் அம்பை வைத்தே இதற்குப் பெயர். ஆயினும் தமிழில் அச்சொல்லைக் கேட்டதும் அம்பின் அடியில் கட்டும் இறகுதான் நினைவுக்கு வரும். 'அம்பு போன்ற சிறகு' என்னும் உவமைத்தொகையை 'அம்பினது சிறகு' என்னும் வேற்றுமைத்தொகை விழுங்கிவிடும்.

'பின்சாய்வு' எளிமையானதுதான். ஆனால் சாய்வு என்றால் மாணவர் மேல்கீழ்ச் சரிவையே எண்ணுவர். இறக்கை நுனி மேலெழும் கோணத்துக்கு நாமே 'மேற்சாய்வு' என்று எழுதியிருக்கிறோம். ஆதலால் 'பின்னொதுக்கம்' என்பதை முன்மொழிகிறேன். இறக்கை முன்பக்கம் ஒதுங்கிய எக்ஸ்-29 சோதனை விமானம் போன்றவற்றுக்கு 'முன்னொதுக்கம்' இயல்பாக அமையும். பின்னொதுங்கிய இறக்கையில் மேற்பரப்பை ஒட்டிய காற்றுப்படலமும் நுனிப்பக்கம் ஒதுங்குவதால்தான், குறைவேகத்தில் நுனி முதலில் ஏற்றுவிசை இழந்து மூக்கு மேலெழுகிறது. அப்பாடத்தை விளக்கவும் இவ்வேர் உதவும்.

'ஒதுக்கம்' என்பது இடஒதுக்கீட்டை நினைவூட்டுகிறது என்ற எதிர்ப்பு வரும் என்பதும், பெரும்பான்மையோர் களைத்துப்போய்ப் 'பின்சாய்வு'க்கே வாக்களிப்பர் என்பதும் தெரிந்தவையே. அவ்வாறாயின், 'கிடைத்தளத்தில் அளக்கப்படும் கோணம்' என்ற விளக்கத்தையேனும் சொற்பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.