காஃபின் லோரி சிண்ட்ரோம்: சத்தம் கேட்டா பையன் பொத்துனு விழுறான்

செந்தூல்அக்கா:
எங்க தங்கச்சி பையனுக்கு 9 வயசு, பேச்சு ரொம்ப கம்மி, கண்ணு ரெண்டும் தள்ளி இருக்கும், உதடு தடிப்பு, கை மெத்துனு இருக்கும் ஆனா விரல் நுனி மட்டும் கூம்பி போகும். ஜீன் டெஸ்ட்ல காஃபின் லோரினு வந்துடுச்சு, பிறவியிலேயே வர்ற ஒரு ஜீன் கோளாறு. இப்ப புதுசா, பின்னாடி காடி ஹாரன் அடிச்சா பொத்துனு கீழ விழுறான், உடனே எழுந்துக்குறான். இது காக்கா வலிப்பா? தீபாவளி வேற வருது, பட்டாச நெனச்சாலே பயமா இருக்கு லா.

பட்டர்வொர்த்_அம்மா:
அக்கா, என் மகனும் அதே தான். திடீர் சத்தம், தொட்டா திடுக்கிடுறது, இதுல கால் பலம் சட்டுனு போயிடும், ஆனா நினைவு தப்பாது, அதான் வலிப்புல இருந்து வித்தியாசம். ஆனா சில பிள்ளைங்களுக்கு நெஜ வலிப்பும் சேர்ந்து வரும், அதனால விழுறத வீடியோ எடுத்து நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, வாயால சொன்னா புரியாது. மருந்து இருக்கு, ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது. என் மகனுக்கு வெளிய போறப்ப ஹெல்மெட் தான், யார் பார்த்தா என்ன.

குமார்_கிள்ளான்:
முதுகயும் பாருங்க, கூன் வளைவு வளர வளர கூடும். காது டெஸ்ட், ஹார்ட் எக்கோ ஸ்கேன் ரெண்டும் விடாதீங்க.

செந்தூல்அக்கா:
தங்கச்சி மறுபடி மாசமா இருக்கா, அதுக்கும் வருமா?

பட்டர்வொர்த்_அம்மா:
இதுக்கு காரணமான ஆர்பிஎஸ்6கேஏ3 ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பாதிக்கு மேல பிள்ளைங்களுக்கு புதுசா தான் வருது, அம்மாகிட்ட இருக்காது. அம்மாகிட்ட இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்ற வாய்ப்பு பாதிக்குப் பாதி, பொண்ணுக்கு பெரும்பாலும் லேசா இருக்கும். மொதல்ல தங்கச்சி ரத்தத்த டெஸ்ட் பண்ணுங்க, கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரில ஜெனடிக்ஸ் கிளினிக் இருக்கு, தள்ளிப் போடாதீங்க. பையனுக்கு ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தாச்சா?