காரைக்கால் வீட்டார் குழு: குவாதலூப்புக்கு எட்டு நாள்

கயல்: எல்லோருக்கும் வணக்கம். பயண நிறுவனத்தார் மறுபடியும் அழைத்தார்கள். ஏப்ரல் விடுமுறைக்கு எத்தனை பேர் என்று இன்று இரவு எட்டு மணிக்குள் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். பாரிஸ் நேரம் எட்டு. வருபவர்கள் பெயரை மட்டும் போடுங்கள்.

கலா அத்தை: நான், மாமா, பிரபு, நித்யா, குழந்தை. ஐந்து.

அகிலன்: நான்.

அம்மா: கலா, மூட்டு வலி எப்படி இருக்கிறது?

கலா அத்தை: மழை என்றால் உயிர் போகிறது. அந்தத் தீவில் மழை உண்டா?

பெரியப்பா: கலா கேட்டது நல்ல கேள்வி. குவாதலூப் கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு, வண்ணத்துப்பூச்சி வடிவம். மேற்குச் சிறகு பாஸ்-தேர். பெயருக்குத் 'தாழ்ந்த நிலம்' என்று பொருள், ஆனால் மலையெல்லாம் அங்கேதான். காற்று மறைவான பக்கத்தைக் கடலோடிகள் அப்படி அழைத்தார்கள். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், 'பெரிய நிலம்'. அதுதான் அளவில் சிறியது, தட்டையானது, கரும்பும் கடற்கரையுமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் உப்பங்கழி. மலைப்பக்கம் எந்த மாதமும் மழை பெய்யும். ஆனாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட பருவம், ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். ஆகவே ஏப்ரல் சரிதான். சரியில்லாதது நிறுவனம் அனுப்பிய நிகழ்ச்சி நிரல். இரண்டு முறை படித்தேன். எட்டு நாளில் ஐந்து நாள் கடற்கரை. தமிழர்களின் சாங்கி கோயில் இருக்கும் காப்ஸ்தேர் ஊரை வண்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். நம் குடும்பம் அந்தத் தீவுக்குப் போவதே காப்ஸ்தேருக்காகத்தான்.

அகிலன்: பெரியப்பா, கடற்கரையும் வேண்டும்.

பெரியப்பா: வேண்டும். முதல் நாளே வேண்டாம்.

சேகர் மாமா: அங்கே ஆட்டுக்கறிக் கொலொம்போ கிடைக்குமாமே?

பிரபு: அப்பா, எட்டு மணிக்குள் பெயர்.

சேகர் மாமா: என் பெயரை உன் அம்மா போட்டுவிட்டாள். கொலொம்போவைப் பற்றிக் கேட்கிறேன்.

பெரியப்பா: கொலொம்போ அந்தத் தீவின் அன்றாடச் சமையல். கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், மிளகு இவற்றை அரைத்த பொடி. நம்மவர்கள் கொண்டுபோன குழம்புப் பொடிதான் இன்று அங்கே எல்லா இனத்தார் வீட்டு அடுப்பிலும் இருக்கிறது. கோயில் பூசை நாளில் வாழையிலையில் பரிமாறுகிறார்கள்.

அம்மா: வாழையிலையிலா!

கலா அத்தை: எந்தக் கோயில்? சாங்கியா? அங்கே கிடா வெட்டுவார்களாமே. வெட்டும் இடத்துக்கு நான் வர மாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

செல்வம் சித்தப்பா: நம் குலதெய்வத்துக்கு வெட்டவில்லையா.

கலா அத்தை: அப்போதும் நான் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தேன். உனக்கு நினைவில்லை.

பெரியப்பா: கலா, வெட்டும் நாளில் போக வேண்டாம். வேறொரு நாள் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் அவர்களைக் குறைவாக நினைக்காதே. 1854 டிசம்பரில் தோட்ட வேலைக்கு நம்மவர்களை ஏற்றிய ஒரேலி என்ற முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1889 வரை சுமார் 42,000 பேர். பெரும்பாலோர் நம் பக்கத்து ஜனங்கள். காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பக் கப்பல் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. பேச்சுத் தமிழ் அங்கே போய்விட்டது. ஆனால் மாரியம்மன் போகவில்லை. 'மாலியெமேன்' என்கிறார்கள். மதுரை வீரன் இருக்கிறார். தப்பு அடிக்கிறார்கள், அதன் பெயர் 'தப்பு' என்றே இருக்கிறது. அர்த்தம் முழுதும் தெரியாமலே தமிழ்ப் பாட்டைத் தகப்பன் வாயிலிருந்து பிள்ளை வாங்கி, நூற்றைம்பது வருடமாகப் பாடுகிறார்கள். நாகூர் ஆண்டவரும் இருக்கிறார்.

அம்மா: நாகூரா? நம் நாகூரா?

பெரியப்பா: நம் நாகூர்தான். கப்பல் ஏறுகிறவன் நாகூர் ஆண்டவரை வேண்டாமல் ஏறுவானா? நாகூர் மீரான் என்ற பெயர் அவர்கள் நாவில் சற்றுத் திரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மாரியம்மனைக் கும்பிடும் அதே பூசையில் அவருக்கும் கொடி ஏற்றுகிறார்கள்.

அம்மா: உடம்பு சிலிர்க்கிறது. கயல், என் பெயரையும் போடு.

கயல்: நீங்கள் வரவில்லை என்றல்லவா சொன்னீர்கள் அம்மா? விடுப்பு?

அம்மா: கேட்டுக்கொள்கிறேன். போடு.

நித்யா: குழந்தையோடு வருவதால் இரண்டு விஷயம். கடற்கரையில் மான்சினீலியே என்று ஒரு மரம். சின்ன ஆப்பிள் போலப் பழம், கடும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் சொட்டும் நீரில் தோல் வெந்துவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள். இன்னொன்று குளோர்தெகோன். வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை அடித்த பூச்சிமருந்து, இன்னும் மண்ணில் இருக்கிறது. காப்ஸ்தேர் பக்கம்தான் அதிகம். சாலையோரத்தில் கிழங்கு, ஆற்று மீன் எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

சேகர் மாமா: கிழங்கும் கூடாதா.

நித்யா: எங்கே விளைந்தது என்று தெரிந்தால் சாப்பிடலாம் மாமா.

கலா அத்தை: பாம்பு?

பெரியப்பா: குவாதலூப்பில் விஷப் பாம்பு இல்லை. இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் உண்டு. குவாதலூப்பில் கீரி இருக்கிறது. கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்கப் போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டது.

கலா அத்தை: மார்த்தினிக் என்றதும் நினைவு வருகிறது. வீராசாமித் தாத்தா போனது மார்த்தினிக் என்றல்லவா அப்பா சொல்வார்?

பிரபு: என்ன?

அகிலன்: தீவே வேறா??

பெரியப்பா: இல்லை கலா. குவாதலூப். நான் பன்னிரண்டு வயதில் கணக்கு நோட்டில் என் கண்ணால் படித்தேன். 'தாது வருஷம் மாசி மாதம் தம்பி வீராசாமி கப்பல் ஏறினான்' என்று கொள்ளுத்தாத்தா எழுதியிருக்கிறார். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம். மாசி என்றால் 1877 பிப்ரவரி, மார்ச். தீவின் பெயரும் அதே வரியில் இருந்தது.

கலா அத்தை: உங்களுக்கு இப்போது எழுபத்தாறு வயது அண்ணா.

பெரியப்பா: அதனால்தான் நோட்டு வேண்டும் என்கிறேன். கூர்பேர் என்ற ஊரில் தீவின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சூஃப்ரியேர் எரிமலைக்குப் போகும் நாளில் அந்தப் பக்கம்தான் இருப்பீர்கள். வந்திறங்கியவர்களின் பதிவேடுகள் அங்கே உண்டு. ஆனால் வீராசாமி என்ற பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், ஊர், மாதம் மூன்றும் வேண்டும். மூன்றும் நோட்டில் இருக்கின்றன. நோட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. பெட்டி செல்வத்திடம் இருக்கிறது.

கலா அத்தை: செல்வம்?

கலா அத்தை: இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது. பார்த்துவிட்டான்.

செல்வம் சித்தப்பா: பெட்டி என்னிடம் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டை விற்ற அன்று கரையான் அரித்த பெட்டி எதற்கு என்று கேட்டது யார்? நான்தான் தலையில் வைத்துத் தூக்கி வந்தேன்.

பெரியப்பா: நான் கேட்டேன். கேட்டது தவறுதான்.

செல்வம் சித்தப்பா: பத்து வருடம் ஆகிறது.

அம்மா: செல்வம், உங்கள் அண்ணன் கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோதும் இந்தத் தீவைப் பற்றித்தான் பேசினார். அவருக்காக எடுத்துப் பாருங்கள்.

செல்வம் சித்தப்பா: பரணில் இருக்கிறது அண்ணி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

பிரபு: எரிமலை ஏற அம்மாவால் முடியுமா? 1,467 மீட்டர்.

கலா அத்தை: முடியாது.

கயல்: அடிவாரம் வரை வண்டி போகும். உச்சிக்கு அகிலனும் பிரபு அத்தானும் போகட்டும். கந்தகப் புகையால் மேலே சில பகுதிகளை மூடி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி சொல்வதைக் கேட்க வேண்டும்.

பெரியப்பா: 1976-இல் அது குமுறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். கலாவுக்குக் கார்பே அருவி போதும். மூன்று அருவி உண்டு. இரண்டாவது 110 மீட்டர். நல்ல பாதை, சிறிது தூர நடை. அதுவும் காப்ஸ்தேர் எல்லைதான், சாங்கி கோயிலையும் அன்றே முடிக்கலாம். மறுநாள் த்ருவா-ரிவியேரில் பழங்குடிகள் பாறையில் செதுக்கிய உருவங்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே லே சேந்த் தீவுக்குப் படகு. கொலம்பஸ் 1493-இல் வருவதற்கு முன்பே அந்தப் பழங்குடிகள் குவாதலூப்பைக் 'கருக்கேரா' என்று அழைத்தார்கள். பிறகு நடுமலைக் காட்டுச் சாலை. மரங்கொத்தி ஒன்று இருக்கிறது, கறுப்பு, உலகத்தில் அந்தத் தீவில் மட்டும்தான். அகிலன் படம் எடுக்க வேண்டும். கடைசி இரண்டு நாள் கடற்கரை. ஆனால் அதற்கு முன்பு புவாந்த்-ஆ-பீத்ர் நகரில் மெமோரியல் ஆக்ட்.

அகிலன்: அது அடிமை வாணிப அருங்காட்சியகம் அல்லவா? விடுமுறையில் குழந்தையை அங்கே கூட்டிப்போக வேண்டுமா பெரியப்பா?

பெரியப்பா: வேண்டும். பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் திறந்தார்கள். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளியின் தோட்டத்தில் நிற்க விரும்பவில்லை. கூலியைக் குறைத்து வைக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குத்தான் நம் வீராசாமியைக் கொண்டுபோனார்கள். ஆப்பிரிக்க மக்கள் பட்டதைப் பார்க்காமல் நம்முடையதை மட்டும் தேடிப் போனால் அது பாதிக் கதை. அவர்கள் ஊரில்தான் நம் ஆள் பிழைத்தான். இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

நித்யா: நான் குழந்தையை வெளியே வைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பாருங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அம்மா: அது சரி.

சேகர் மாமா: சென்ற மாதக் கல்யாணத்தில் சாம்பாரே இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கலா அத்தை: இப்போது எதற்கு?

சேகர் மாமா: வாழையிலை என்றதும் நினைவு வந்தது.

கயல்: மணி ஏழு. இதுவரை எட்டுப் பேர். பெரியப்பா, நீங்களும்தானே? விசா எப்படி?

பெரியப்பா: பிரான்ஸ் விசா கிடைத்துவிட்டது. மார்ச் கடைசியில் வந்துவிடுவேன்.

பிரபு: மாமா, அது ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவா? அந்த விசா குவாதலூப்புக்குச் செல்லாது.

பெரியப்பா: எப்படிச் செல்லாது? 1946-இலிருந்து அது பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் நாணயம்.

பிரபு: மாவட்டம்தான். ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். பாரிசில் விமானம் ஏறும்போதே கேட்பார்கள்.

கலா அத்தை: 1962-இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது அப்பா மட்டும் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தால் இன்று இது இல்லை. ஆறு மாதம் அவகாசம் இருந்தது. பக்கத்து வீட்டில் எல்லோரும் கொடுத்தார்கள்.

செல்வம் சித்தப்பா: அப்பாவை இதில் இழுக்காதே அக்கா. அவர் இந்த மண்ணை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்.

கலா அத்தை: நான் குறை சொல்லவில்லை. அண்ணாவுக்காகச் சொல்கிறேன்.

கயல்: பெரியப்பா?

அம்மா: பெரிய மாமா, இருக்கிறீர்களா? அங்கே மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

பெரியப்பா: இருக்கிறேன். காப்ஸ்தேரில் 1863-இல் ஆன்றி சிதம்பரம் என்று ஒருவர் பிறந்தார். அங்கே 'சிதம்பரோம்' என்று எழுதுகிறார்கள். அந்த மண்ணிலேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்று அதிகாரிகள் சொன்னபோது 1904-இல் வழக்குக்குப் போனார். 1923 வரை போராடினார். ஜெயித்தார். பத்தொன்பது வருடம். நான் ஒரு விசாவுக்கு அலுத்துக்கொள்ளக் கூடாது. நாளை விண்ணப்பிக்கிறேன். கிடைக்காவிட்டாலும் நீங்கள் போங்கள். கோயிலில் ஒரு தேங்காய் மட்டும் என் பெயரில் உடையுங்கள்.

அம்மா: நீங்கள் இல்லாமல் எப்படிப் போவது.

அகிலன்: உங்களுக்கும் சேர்த்து முன்பணம் கட்டு அக்கா. என் பங்கில் எடுத்துக்கொள்.

கயல்: ஒன்பதாகப் போடுகிறேன். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டேன். பதில் தெளிவாக இல்லை.

பிரபு: எழுத்தில் வாங்கு.

கலா அத்தை: அறை நான்கா ஐந்தா? குறட்டை விடுபவர்களைத் தனியாகப் போடுங்கள்.

சேகர் மாமா: யாரைச் சொல்கிறாய்?

செல்வம் சித்தப்பா: [படம்]

செல்வம் சித்தப்பா: பரணில் ஏறிவிட்டேன். தூக்கம் வரவில்லை. விளக்கு சரியில்லை.

பெரியப்பா: செல்வம்!

கயல்: பெரிதாக்கிப் பார்க்கிறேன். 'தாது வரு' தெரிகிறது. அடுத்த வரியில் '...தலூப்புத் தீவுக்கு'.

அம்மா: முருகா.

அகிலன்: தலூப்பு! பெரியப்பா சொன்னதுதான் சரி.

பெரியப்பா: 'திருநள்ளாறு' என்று மேலே இருக்கிறதா பாருங்கள். என் கண்ணாடி கிடைக்கவில்லை.

கயல்: இருக்கிறது. தகப்பன் பெயர் 'முத்துக்கருப்பன்'. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது பெரியப்பா. 'உடன் போனவள்' என்று தொடங்குகிறது.

கலா அத்தை: உடன் போனவளா? யார்? இதை யாரும் சொன்னதே இல்லையே.

பெரியப்பா: எனக்கும் அந்த வரி நினைவில்லை. பெயர் என்ன?

கயல்: சித்தப்பாவின் கட்டைவிரல் மறைக்கிறது.

கலா அத்தை: செல்வம், விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடு.

பெரியப்பா: செல்வம், ஓரத்தைப் பிடி. காகிதம் ஒடியும். மெதுவாக.

பிரபு: ஒரே குறிதான் விழுகிறது. செல்வம் மாமா கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்திருக்கும்.

பெரியப்பா: நான் விழித்திருக்கிறேன்.

கயல்: மணி ஏழு ஐம்பது. ஒன்பது பேருக்குக் கட்டுகிறேன். அறை நான்கா ஐந்தா, யாராவது சொல்லுங்கள்.